மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் கருத்தடை



"எனக்கு வயசு நாற்பத்தஞ்சு ஆச்சு. தூரமாகி மூணு மாசம் ஆகுது. இனிமே எனக்கு எதுக்கு லூப்பும் மாத்திரையும்?" என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். "இந்த வயசுல என்ன ஆகிடப் போகுது?" என்று கணவன்மார்களும் ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். இப்படி நினைப்பது இயற்கைதான். ஆனால் இந்த நினைப்பினால்தான் 40 வயதைத் தாண்டிய பல தாய்மார்கள் எதிர்பாராமல் கர்ப்பமாகிவிடுகிறார்கள்.

மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரும் காலத்தில், தாயும் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்? வெளியே சொல்ல வெட்கம். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஊர் அறியாமல் காரியத்தை முடிக்கலாம் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் வருகிறது. இந்தத் துன்பம் முழுவதும் தவிர்க்கக் கூடியது. எதுவரையில் கருத்தடை வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்ற கணக்கு தெரிந்திருந்தால் போதும். அந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ளவே இந்த வெளியீடு.

மாதவிலக்கு எப்படி நிற்கிறது?

பெண்ணின் வயிற்றில் கர்ப்பப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. மாதந்தோறும் இவற்றிலிருந்து ஒரு கருமுட்டை வெளிவருகிறது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் என்ற இரண்டு ஹார்மோன்களும் இங்கே சுரக்கின்றன. வயது ஏற ஏறக் கருமுட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி மாதவிலக்கு அடியோடு நிற்கிறது. சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் நிற்கலாம்.

ஆனால் விளக்கை ஊதி அணைத்தது போல அது ஒரே நாளில் நிற்பதில்லை. கோடையில் கிணறு வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் ஊற்று சுரக்கும், நாலு நாள் சுரக்காது, மறுபடி ஒரு நாள் சுரக்கும். சினைப்பையும் அப்படித்தான். மாதவிலக்கு 20 நாளில் வரும். பிறகு இரண்டு மாதம் வராது. வந்தால் அதிகமாகப் போகும். இந்தத் தடுமாற்ற காலம் சிலருக்கு ஓரிரு வருடம், சிலருக்கு நாலைந்து வருடம், இன்னும் சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும்.

இந்தக் காலத்தில் எந்த மாதம் கருமுட்டை வெளிவரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நாலாவது மாதம் வரலாம். கருமுட்டை வந்த பிறகுதான் மாதவிலக்கு வரும். ஆகவே "முதலில் தூரமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள், தூரமாகாமலே கர்ப்பமாகிவிடலாம். "பாதுகாப்பான நாள்" பார்த்துச் சேரும் முறையும் இந்த வயதில் பலிக்காது. நாள் ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

எதுவரை கருத்தடை வேண்டும்?

இதுதான் முக்கியம். நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாதவிலக்கு வந்தபோது உங்களுக்கு 50 வயது ஆகவில்லை என்றால், அதற்குப் பிறகு முழுதாக 2 வருடம் கருத்தடை வேண்டும்.

கடைசி மாதவிலக்கு வந்தபோது 50 வயது ஆகியிருந்தால், அதற்குப் பிறகு முழுதாக 1 வருடம் கருத்தடை வேண்டும்.

55 வயது ஆனவர்களுக்குக் கரு உண்டாவது மிக மிக அபூர்வம். அந்த வயதில் கருத்தடையை நிறுத்திவிடலாம்.

நம் பெண்களில் பலருக்கு 50 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்பதால், அவர்களுக்கு 2 வருடக் கணக்குதான் பொருந்தும். உதாரணமாக 46 வயதில் ஒரு தை மாதம் கடைசியாகத் தூரமாகியிருந்தால், அடுத்த தையும் கழிந்து அதற்கு அடுத்த தை வரை கருத்தடை வேண்டும். நடுவில் கொஞ்சம் பட்டாலும், அன்றிலிருந்து மறுபடியும் எண்ண வேண்டும். சுவரில் தொங்கும் காலண்டரில் தூரமான நாளில் ஒரு வட்டம் போட்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணவரோ மகளோ போட்டுத் தரலாம்.

ஒரு எச்சரிக்கை: ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், "திரும்ப வந்துடுச்சு" என்று சும்மா இருக்கக்கூடாது. துளி பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும்.

எந்த முறை யாருக்கு ஏற்றது?

ஆணுறை: எந்த வயதிலும், எந்த நோய் உள்ளவர்களும் உபயோகிக்கலாம். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வயதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெண்ணுறுப்பில் வறட்சி இருப்பதால் சிலர் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவிக்கொள்கிறார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுக் கிழிந்துபோகும். தண்ணீரில் கரையும் ஜெல்லி மருந்துக் கடையில் கிடைக்கும். அதைத்தான் உபயோகிக்க வேண்டும். உறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் சுகாதார நிலையத்துக்குச் சென்றால் அவசர கருத்தடை மாத்திரை பற்றிச் சொல்வார்கள்.

காப்பர்-டி: இதில் ஹார்மோன் கிடையாது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஏற்றது. 380-ஏ என்ற வகை 10 வருடம் வேலை செய்யும். 40 வயதுக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு, மாதவிலக்கு நின்று மேலே சொன்ன கணக்கு முடியும்வரை பெரும்பாலும் அதுவே போதும். சிலருக்குப் போக்கை அதிகப்படுத்தும். ஆகவே ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர்களும் ரத்தசோகை உள்ளவர்களும் டாக்டரிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். கணக்கு முடிந்ததும் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். உள்ளேயே கிடந்தால் பின்னால் சீழ் பிடிக்கலாம்.

ஹார்மோன் கலந்த லூப்: இது கர்ப்பப்பைக்குள் சிறிது சிறிதாக ஹார்மோனை விடும். கருவையும் தடுக்கும், அதிகப்படியான போக்கையும் குறைக்கும். அதிகப் போக்கினால் அவதிப்படும் தாய்மார்கள், கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று யோசிக்கும் முன் இதைப் பற்றி மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்.

மாலா-என் போன்ற தினசரி மாத்திரை: நல்ல ஆரோக்கியமுள்ள பெண்கள் 40 வயதுக்கு மேலும் சாப்பிடலாம். ஆனால் ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் வந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் சாப்பிடவே கூடாது. 35 வயதைத் தாண்டிய, பீடி, சுருட்டு பிடிக்கும் பெண்களும் சாப்பிடக் கூடாது. 50 வயது ஆனதும் எல்லோரும் இதை விட்டு வேறு முறைக்கு மாறிவிட வேண்டும்.

அந்தரா ஊசி: 3 மாதத்துக்கு ஒருமுறை போடுவது. 2017-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. பலருக்கு இதனால் மாதவிலக்கு வராமலே இருக்கும். எலும்பின் வலுவைச் சிறிது குறைப்பதால், 50 வயதை நெருங்குபவர்கள் வேறு முறையைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது.

சாயா மாத்திரை: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஹார்மோன் இல்லாதது. இதைச் சாப்பிட்டாலும் நாள் தள்ளிப் போகும்.

இங்கே ஒன்று கவனியுங்கள். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாதாமாதம் வரும் போக்கு மாத்திரையினால் வருவது. அந்தரா ஊசி போட்டவர்களுக்கு வராமல் இருப்பதும் ஊசியினால்தான். ஆகவே இவர்கள் "வருகிறது", "வரவில்லை" என்பதை வைத்து மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று தாங்களாக முடிவு செய்ய முடியாது. ஆணுறையும் காப்பர்-டியும் மாதவிலக்கை நிறுத்துவதில்லை. அவற்றை உபயோகிப்பவர்கள் காலண்டர் கணக்கையே நம்பலாம்.

குடும்ப நல ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்: மனைவியோ கணவனோ ஏற்கெனவே ஆபரேஷன் செய்திருந்தால் வேறு கருத்தடை தேவையில்லை. "ஆபரேஷன் பண்ணினதாலதான் சீக்கிரம் நின்னுபோச்சு" என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே கட்டி அடைக்கிறார்கள். சினைப்பை தன் வேலையைத் தன் காலம் வரை செய்துகொண்டுதான் இருக்கும். மிக அபூர்வமாக ஆபரேஷன் தவறிப் போவதுண்டு. ஆகவே நாள் தள்ளி அடிவயிற்றில் கடுமையான வலியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

உடம்பு எரிச்சலுக்கு மருந்து உண்டா?

இந்த வயதில் திடீரென்று முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் காந்தும். வேர்த்துக் கொட்டும். நடுராத்திரியில் விழிப்பு வரும். காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரும். பெண்ணுறுப்பு வறண்டு, சேரும்போது வலிக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதும் பிறகு குறைந்துபோவதும்தான் இதற்குக் காரணம். இது பேய் பிடித்ததும் அல்ல, பைத்தியமும் அல்ல, பாசாங்கும் அல்ல.

பலருக்கு இது தானே அடங்கிவிடும். மெல்லிய பருத்திச் சேலை, காற்றோட்டமான இடத்தில் படுக்கை, காரத்தையும் சூடான காப்பியையும் குறைத்தல், தினமும் நடை ஆகியவை ஓரளவு உதவும். எலும்பு வலுவுக்குக் கேழ்வரகு, எள், கீரை, பால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாங்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. உடம்பில் குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ, தோலில் தடவும் களிம்பாகவோ, ஒட்டும் பட்டையாகவோ சிறிய அளவில் கொடுப்பார்கள். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வர இடமுண்டு. அதனால் புரொஜெஸ்டிரான் வகை மருந்தும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆரோக்கியமான பெண்கள், 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பித்தால் இந்தச் சிகிச்சையில் நன்மை அதிகம், தீமை குறைவு. நீண்ட காலம் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது கூடுகிறது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஆகவே டாக்டர் பரிசோதித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததை நீங்கள் வாங்கிச் சாப்பிடக் கூடாது. வறட்சி மட்டும் இருப்பவர்களுக்கு உள்ளே தடவும் களிம்பே போதும்.

இப்போது மிக முக்கியமான செய்தி: ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. "நான்தான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடறேனே, கரு எப்படி நிக்கும்?" என்று நினைக்க வேண்டாம். கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் கருமுட்டை வெளிவருவதையே தடுக்கும். எரிச்சலுக்குக் கொடுக்கும் ஹார்மோனின் வகையும் அளவும் வேறு. அது கருமுட்டையை நிச்சயமாகத் தடுக்காது. ஆகவே இந்தச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆணுறையோ காப்பர்-டியோ சேர்த்து உபயோகிக்க வேண்டும். இரண்டு ஹார்மோன் மாத்திரைகளையும் தாங்களாகச் சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. ஹார்மோன் கலந்த லூப் போட்டிருப்பவர்களுக்கு அதையே புரொஜெஸ்டிரானாக வைத்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்க முடியும். 50 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத சிலருக்குக் கருத்தடை மாத்திரை ஒன்றே எரிச்சலையும் குறைத்துக் கருவையும் தடுக்கும். எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

நாள் தள்ளினால் என்ன செய்வது?

"நிக்கிற வயசுதானே" என்று நாமாக முடிவு கட்டாமல், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வார்கள். சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 40 வயதுக்கு மேல் கர்ப்பமானால் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கருச்சிதைவு ஆகியவை அதிகம் வருகின்றன. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 வயதில் ஏறத்தாழ 100-ல் 1. 45 வயதில் ஏறத்தாழ 30-ல் 1.

குழந்தை வேண்டும் என்று விரும்பினால் உடனே பதிவு செய்து, மாதம் தவறாமல் காட்டிக்கொள்ளுங்கள். இந்த வயதில் பெற்றுக்கொள்வது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. வேண்டாம் என்று முடிவு செய்தால் அதற்கும் சட்டம் இடம் தருகிறது. 1971-ம் வருடக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை முறை தவறி உண்டான கருவை 20 வாரம் வரை ஒரு டாக்டரின் சம்மதத்துடன் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் கலைத்துக்கொள்ளலாம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்தே போதும். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கவோ, குச்சி வைக்கும் ஆட்களிடம் போகவோ வேண்டாம். சீக்கிரம் போனால் சிகிச்சை சுலபம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

அய்யா, இருபது வருடமாகப் பிள்ளை பெற்றதும், லூப்பும் மாத்திரையும் சுமந்ததும் உங்கள் மனைவிதான். இந்தக் கடைசி சில வருடங்களில் பாரத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் என்ன? ஆணுறை உங்கள் கையில் இருக்கிறது. இன்னும் பல வருடம் கருத்தடை தேவைப்படும் 40 வயதுத் தம்பதிகளுக்குக் கத்தியில்லாத ஆண் கருத்தடை முறை இருக்கிறது. தையல் இல்லை, படுக்க வேண்டியதில்லை, சில நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆண்மை குறையாது, உழைக்கும் வலுவும் குறையாது. ஆனால் அதன் பிறகு 3 மாதம் ஆணுறை உபயோகித்து, விந்தைப் பரிசோதித்த பிறகே அதை நம்ப வேண்டும்.

இன்னொன்று. இரவில் மனைவி எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தால், "உனக்கு வேற வேலையில்ல" என்று கடிந்துகொள்ளாதீர்கள். சேரும்போது வலிக்கிறது என்று அவர் சொன்னால் அதை நம்புங்கள். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள்.

தாய்மார்களே, நீங்கள் டாக்டரிடம் போகும்போது கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளையும் கேளுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இவற்றைச் செய்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனையும் அளவுக்குப் போக்கு இருந்தால் காத்திருக்காதீர்கள்.

சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதார நர்சைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அவர் தினமும் கேட்கும் கேள்விதான் அது.

50 வயதுக்கு முன் நின்றால் 2 வருடம்! பின் நின்றால் 1 வருடம்!
எண்ணி முடித்த பிறகே கருத்தடையை நிறுத்துவோம்!